பார் தேர்வு: அஞ்சு சட்டம் படிச்சா போதுமா?

உப்புக்காற்று:
சட்டம் முடிச்சவங்க வக்கீல் தொழில் பண்ண பாஸ் பண்ண வேண்டிய அகில இந்திய பார் தேர்வு எழுதப்போற ராமநாதபுரம், ராமேஸ்வரம், திருவாடானை ஜூனியர் வக்கீல்களுக்கு ஒரு கணக்கு. 100 கேள்வி, மூன்றரை மணி நேரம், நெகட்டிவ் மார்க் இல்லை. பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் 45 எடுத்தா பாஸ். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 40. அரசமைப்பு 10, பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி. இடத்தில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 10, சி.பி.சி. (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) 10, பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி. இடத்தில் வந்த தண்டனைச் சட்டம்) 8, பி.எஸ்.ஏ. (புது சாட்சியச் சட்டம்) 8. மொத்தம் 46. பேர் ஆக்ட், அதாவது விளக்கம் இல்லாம சட்டம் மட்டும் அச்சான புத்தகம், உள்ளே கொண்டுபோகலாம். இந்த அஞ்சைக் கரைச்சுக் குடிங்க, மிச்சம் 14 பாடத்தைத் தொடாதீங்க.

சேதுக்கரை:
தம்பி, 46ஐ வச்சு 45 எடுக்கணும்னா ஒரே ஒரு கேள்விதான் தப்பலாம். நல்லாப் படிச்சவருக்கே இந்த அஞ்சில் மூணில் ரெண்டு பங்கு சரியாகும், 30ன்னு வைங்க. மீதி 54 கேள்வியும் கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினா நாலில் ஒண்ணு வீதம் 13 அல்லது 14. கூட்டினா 44ஐ ஒட்டி நிக்கும். ஃபெயில்.

இதோட குடும்பச் சட்டம் 8, ஒப்பந்தம்-சொத்து-குறிப்பிட்ட நிவாரணம்-செக் எல்லாம் சேர்ந்த 8, இந்தப் பதினாறையும் சேருங்க. பத்து சரியானாலும், மிச்சம் 38ஐக் குத்தினா 9 வரும். முந்தின 30ஐயும் கூட்டினா 49. 40ஆ இருந்த பாஸ் மார்க்கை 2023 டிசம்பரில் நடந்த 18ஆவது தேர்விலிருந்து 45 ஆக்கிட்டாங்க. உங்க கணக்கு அந்த 40 காலத்துக் கணக்கு.

உப்புக்காற்று:
சரிண்ணே, குடும்பச் சட்டத்தை ஒத்துக்கிறேன். நம்ம கரையில் அது சும்மா கிடைக்கிற மார்க்கும்கூட. கீழக்கரைப் பக்கம் 1939 முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், தங்கச்சிமடம் பக்கம் கிறிஸ்தவர் விவாகரத்து, மத்த ஊர்ல இந்து திருமணச் சட்டம்னு மூணும் கோர்ட்டில் காதில் விழுற சமாச்சாரம்.

சேதுக்கரை:
காதில் விழுறதிலேயே ஒரு கண்ணி இருக்கு. இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ, அதாவது சுயமரியாதைத் திருமணம், தமிழ்நாட்டுத் திருத்தம். நம்ம ஊரில் அன்றாடம் புழங்குது. ஆனா இது அகில இந்தியத் தேர்வு. அந்தச் சட்டத்தோட 7, 9, 13, 13பி, 14 பிரிவுகளைத்தான் பலமாப் பிடிக்கணும்.

தொண்டித்துறை:
ரெண்டு பேரும் பேர் ஆக்டை ரொம்ப நம்புறீக. கைடு, நோட்ஸ் எல்லாம் பையில் அடுக்கிக்கிட்டுப் போனது 2021ல் நடந்த 16ஆவது தேர்வுக்கு முன்னாடி. இப்போ குறிப்பு எதுவும் இல்லாத பேர் ஆக்ட் மட்டும்தான். அந்தக் காலத்து சீனியர் யோசனையை அப்படியே எடுத்தா கவுந்துருவீக.

நேரத்தைப் பாருங்க. 210 நிமிஷம். முதல் சுற்றில் கேள்விக்கு 75 செகண்டுன்னா 125 நிமிஷம் போயிரும். மீதி 85. ஒரு பிரிவைத் தேடிப் படிச்சு, விடையைப் பொருத்தி, வட்டத்தை நிரப்ப 3 நிமிஷம். ஆக 28 கேள்விக்குத்தான் புத்தகம் திறக்க முடியும். 46 கேள்விக்கும் திறந்தா பேப்பர் முடியாது.

உப்புக்காற்று:
28 தாராளம் அக்கா. தேட வேண்டியது குற்றவியல் நம்பர் மட்டும்தானே? அதுக்குப் பழைய பிரிவுக்குப் பக்கத்தில் புதுப் பிரிவு போட்டிருக்கிற ஒப்பீட்டு அட்டவணையை மனப்பாடம் பண்ணுங்க. ஐ.பி.சி.யில் கொலை 302ன்னா பி.என்.எஸ்.ல 103, கொலை முயற்சி 307ன்னா 109, மோசடி 420ன்னா 318(4), மனைவியைக் கொடுமைப்படுத்துற 498ஏன்னா 85. பழசு தெரிஞ்சா புதுசு தானா வரும்.

சேதுக்கரை:
இங்கேதான் நான் உங்களோட ஒத்துப்போகலை. பி.என்.எஸ்.ல அட்டவணை ஓரளவு உதவும். அதிலேயும் 302ன்னு ஒரு பிரிவு புதுசா இருக்கு, கொலை இல்லை, மத உணர்வைப் புண்படுத்துற பேச்சு. பி.என்.எஸ்.எஸ்.ல அட்டவணை காலை வாரிவிடும். ஒரே நம்பர், ஆள் வேற:

பழைய சி.ஆர்.பி.சி. 144 தடை உத்தரவு. புது 144 ஜீவனாம்சம், பழைய 125தான் அது. தடை உத்தரவு இப்போ 163.
பழைய 173 இறுதி அறிக்கை. புது 173 எஃப்.ஐ.ஆர். இறுதி அறிக்கை 193.
பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புது 482 முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528.

கேள்வி எடுக்கிறவருக்கு இதைவிட வசதி வேணுமா? நாலு விடையில் ஒண்ணா பழைய நம்பரைப் போட்டு வைப்பார். அட்டவணை வழியாப் படிச்சவருக்கு மனசில் முதல்ல வர்றது பழைய நம்பர்தான், கையும் அங்கேதான் போகும். புதுச் சட்டத்தை அதோட பொருளடக்கத்திலிருந்து, அத்தியாய வரிசையில் படிங்க. கைது 35லிருந்து, எஃப்.ஐ.ஆர். 173லிருந்து, ஜாமீன் 478லிருந்து. மூணு இடம் கண்ணில் பதிஞ்சா நடுவில் இருக்கிறதைப் புரட்டி எடுத்துரலாம்.

இன்னொண்ணு, அட்டவணையில் எதிர்ப்பக்கம் காலியா இருக்கிற பிரிவுகள். கும்பல் கொலை 103(2), திட்டமிட்ட குற்றம் 111, பறிப்பு 304, தண்டனை வகையில் சமூக சேவை. பி.என்.எஸ்.எஸ். 173(3)ல், 3 வருஷமோ அதுக்கு மேலயோ, ஆனா 7 வருஷத்துக்குக் குறைவா தண்டனை உள்ள குற்றத்துக்கு 14 நாளில் முதல்கட்ட விசாரணை. 223ல், தனிநபர் புகாரை மாஜிஸ்திரேட் கோப்பில் எடுக்கும் முன்னே எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, கேட்கணும். பழசோட ஜோடி சேர்த்துப் படிச்சா இதெல்லாம் நழுவிரும்.

தொண்டித்துறை:
பி.எஸ்.ஏ.விலும் இதே கதைதான். போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதலில், ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க வழிகாட்டின பகுதியை மட்டும் ஏத்துக்கிற பழைய 27, இப்போ தனிப் பிரிவே இல்லை, 23(2)க்கு ஒரு வரம்புரையா (விதிவிலக்கு வாசகமா) உட்கார்ந்திருக்கு. பொருளடக்கத்தில் மட்டும் தேடினா கிடைக்காது அண்ணே. மரண வாக்குமூலம் 26(ஏ). மின்னணுச் சான்றுக்கான 65பி இப்போ 63, சான்றிதழ் ஏ, பி ரெண்டு பகுதி, படிவம் அட்டவணையில் இருக்கு.

சேதுக்கரை:
அது நியாயம். அந்த மாதிரி ஒளிஞ்சிருக்கிறதுக்குத் தனியா மனப்பாடம் வேணும்தான்.

பாம்பன் கீழ்க்காற்று:
ஒரு மாதிரிக் கேள்வி. மண்டபத்தில் 2024 ஜூன் 20ல் அடிதடி, கொடுங்காயம். எஃப்.ஐ.ஆர். ஜூலை 5ல். எந்தச் சட்டம்?

சேதுக்கரை:
குற்றத்துக்கு ஐ.பி.சி. செஞ்ச அன்னைக்கு அதுதான் அமலில் இருந்தது. பி.என்.எஸ். 358(2) பார்க்கவும், கூடவே அரசமைப்பு 20(1). நடைமுறைக்கு பி.என்.எஸ்.எஸ். ஏன்னா 531(2)(ஏ) காப்பாத்துறது 2024 ஜூலை 1க்கு முன்னே நிலுவையில் இருந்த புலனாய்வு, விசாரணை, மேல்முறையீடு மட்டும்தான். இந்த எஃப்.ஐ.ஆர். அதுக்கப்புறம் பிறந்தது. ஒரே எஃப்.ஐ.ஆர்.ல பழைய குற்றப் பிரிவும் புது நடைமுறைப் பிரிவும் வரும். கேள்வியில் தேதி கொடுத்திருந்தா முதல்ல அதுக்கு அடிக்கோடு போடுங்க.

பாம்பன் கீழ்க்காற்று:
நன்றி அண்ணே. இன்னொரு ஆதங்கம். மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை வழக்கு எத்தனை பார்க்கிறோம், தேர்வில் சுற்றுச்சூழலுக்கு 2 மார்க்தானாம்.

தொண்டித்துறை:
ரெண்டுதான், ஆனா பொதுநல வழக்கு 4ஐயும் சேர்த்துப் படிச்சா ஆறு. கடலோர இறால் பண்ணைகளைப் பத்தின 1996 ஜெகந்நாத் தீர்ப்பு ரெண்டுக்கும் ஆகும். அதே மாதிரி உச்ச நீதிமன்றத்தின் 1960 பெருபாரி கருத்துரை. நிலப்பகுதியை வேற நாட்டுக்குக் கொடுக்கணும்னா அரசமைப்பின் 3ஆவது உறுப்பு போதாது, 368 வழியாத் திருத்தம் வேணும்னு சொன்னது. கச்சத்தீவுப் பேச்சில் அடிபடுறதால நம்ம ஆளுகளுக்கு மறக்காது. கடல் அட்டை 2001ல் வனவிலங்குச் சட்டத்து முதல் அட்டவணைக்கு, அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலுக்கு, போனதைத் தெரிஞ்சு வைங்க, அதுக்கு மேல அந்தப் பக்கம் நேரம் போட வேணாம்.

உப்புக்காற்று:
பேர் ஆக்ட் எந்தப் பதிப்பு வாங்கறது? மூணு குற்றவியல் சட்டமும் ஒரே கட்டா வருது, மலிவா இருக்கு.

தொண்டித்துறை:
வேணாம். அந்தக் கட்டில் பின்பக்கம் ஒப்பீட்டு அட்டவணை, பிரிவுக்குக் கீழே தீர்ப்புச் சுருக்கம் எல்லாம் அச்சடிச்சிருப்பாக. வாசலில் சோதிக்கிறவர் அதைக் குறிப்புன்னு எடுத்து வச்சா மூணு சட்டமும் ஒரே நேரத்தில் போச்சு. சட்டம் மட்டும் இருக்கிற ஒல்லிப் புத்தகமாத் தனித்தனியா வாங்குங்க. பென்சில் கோடும் வேணாம், ஒட்டுச் சீட்டும் வேணாம். வீட்டில் கிறுக்கிப் படிக்க ஒண்ணு, கொண்டுபோக ஒண்ணு.

சேதுக்கரை:
ஒட்டுச் சீட்டைத் தடுத்தே ஆவாங்கன்னு சொல்ல முடியாது அம்மா. இருந்தாலும் அதை நம்பி உள்ளே போகக் கூடாதுங்கிறது சரி. சி.பி.சி.யில் மட்டும் சீட்டு இல்லாம கஷ்டம்: 158 பிரிவுக்குப் பின்னால் 51 ஆணை. ஆணை 7 விதி 11 (வழக்குரை நிராகரிப்பு), ஆணை 9 விதி 13 (ஒருதலைத் தீர்ப்பாணையை ரத்து செய்றது), ஆணை 39 விதி 1, 2 (தற்காலிகத் தடை உத்தரவு) இதுகளைப் பக்கம் புரட்டியே பழகிக்கணும்.

தமிழில் எழுதுறவங்களுக்கு ஒரு வார்த்தை. கேள்வித்தாள் மொழியும் கையில் இருக்கிற பேர் ஆக்ட் மொழியும் ஒண்ணா இருக்கட்டும். கேள்வியில் 'முரண்தடை'ன்னு படிச்சிட்டு இங்கிலீஷ் பொருளடக்கத்தில் எஸ்டாப்பலைத் தேடுறதுக்குள்ள ரெண்டு நிமிஷம் ஓடிரும்.

உப்புக்காற்று:
தொழிலாளர் சட்டம் 4, வரி 4. இதையாவது விட்டுரலாமா?

சேதுக்கரை:
பழைய புத்தகத்தை வச்சுப் படிக்கிறதா இருந்தா விட்டுருங்க. 2025 நவம்பர் 21ல் நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் அமலுக்கு வந்தாச்சு, 1947 தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுத் தொகுப்பு. 1961 வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலா 2025 சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு ரெண்டும் போய் 'வரி ஆண்டு'. தேர்வு அறிவிப்பில் எந்தச் சட்டத்தின் பெயர் அச்சாகியிருக்குன்னு பார்த்துட்டுப் புத்தகம் வாங்குங்க.

தொண்டித்துறை:
ஓ.எம்.ஆர். தாளில் செட் கோட் வட்டத்தை முதல் நிமிஷத்திலேயே நிரப்புங்க. விடையை 'அப்புறம் மாத்திக்கலாம்'னு கேள்வித்தாளில் குறிச்சு வைக்காதீக, கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு வரி தள்ளி நிரப்பினா அதுக்குக் கீழே எல்லாம் போச்சு. இருபது கேள்விக்கு ஒருதரம் நம்பரைச் சரிபாருங்க.

உப்புக்காற்று:
அண்ணே, அக்கா, தலைப்பில் இருக்கிற 'அஞ்சு'ஐ 'ஏழு'ன்னு மாத்தவா?

சேதுக்கரை:
அப்படியே கிடக்கட்டும். தேடி வர்றவுக அந்தக் கேள்வியோடதான் வருவாக.