[கலைச்சொல்] கொலையை முன்கணிப்பதா, எதிர்வுகூறுவதா?

அனுப்புநர்: உவர்மலை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்.

புள்ளிவிபரவியல் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் முடிந்தன, ஏழாவது மட்டும் நகரமாட்டேன் என்கிறது. ஒரு நகரத்தில் நடந்த கொலைகளின் பதிவை வைத்துக்கொண்டு இனி எத்தனை நடக்கும், எந்த வட்டாரத்தில் நடக்கும், சில ஊர்களில் யார் யார் மாட்டக்கூடும் என்றுகூடக் கணக்குப் பார்க்கிறார்களே, அந்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். அத்தியாயத் தலைப்பிலேயே வருவதால் சுற்றிவளைத்து எழுதித் தப்பவும் முடியாது.

எழுதி எழுதி அழித்தவை: கொலைக் கணிப்பு, கொலை முன்கணிப்பு, கொலை எதிர்வுகூறல், மனிதக்கொலை முன்மதிப்பீடு. முதலாவதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். "ஆரைப் போடப் போறாங்களாம்?" என்று கேட்டான். அத்தோடு அது போயிற்று.

அத்தியாயம் எதைப் பற்றியது என்று தெரிந்தால்தான் சொல் சொல்ல வசதி. முதல் எடுத்துக்காட்டு லண்டன். 2004 ஏப்ரலிலிருந்து 2007 மார்ச் வரை 1095 நாட்கள். அதில் 713 நாட்கள் கொலையே இல்லை. 299 நாட்களில் ஒன்று, 66 நாட்களில் இரண்டு, 16 நாட்களில் மூன்று, ஒரே ஒரு நாளில் நான்கு. நாளுக்குச் சராசரி 0.44. இந்த ஒரு எண்ணை மட்டும் புவசோன் பரம்பலில் (சராசரியை மட்டும் வைத்து, தற்செயலாக நடப்பவை ஒரு நாளில் எத்தனை தரம் நடக்கக்கூடும் என்று சொல்லும் கணக்கில்) போட்டால், கொலையில்லாத நாட்கள் ஏறக்குறைய 705, ஒன்று நடக்கும் நாட்கள் 311 என்று விடை வருகிறது. 2008 ஜூலை 10 அன்று லண்டனில் ஒரே நாளில் நான்கு பேர் கத்திக்குத்தில் இறந்தபோது ஊரே பதறியது. அப்படியொரு நாள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரத்தான் செய்யும் என்கிறது கணக்கு. இரண்டாவது எடுத்துக்காட்டு சிகாகோ.

சொல் தாருங்கள்.

----

அனுப்புநர்: தம்பலகாமம்

பிள்ளை, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர். எதிர்வுகூறல் என்று நல்ல சொல் இருக்கிறது. வானொலியில் நாள்தோறும் வானிலை எதிர்வுகூறல் கேட்கிறோம், மீன்பிடிக்கப் போகிறவனுக்கும் விளங்குகிறது. எதிர்வு என்றால் வருங்காலம். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று முக்காலத்தையும் சொல்லிக் கொடுத்தவன் நான். 'எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்' என்ற குறளில் வரும் எதிரதும் இதுவே. காவல்துறைக்கு இதைவிடப் பொருத்தமான குறள் உண்டோ?

முன்கணிப்பு என்பதில் எனக்கு இரண்டு ஆட்சேபம். ஒன்று, முன் எதற்கு? பின்கணிப்பு என்று யாரும் செய்வதுண்டா? இரண்டு, கணி. கணியன் பூங்குன்றன் காலந்தொட்டு கணி சோதிடத்தோடு ஒட்டிய சொல். குறிஞ்சிப் பாட்டுகளில் வேங்கை மரத்துக்கே கணி என்று பேர், தினை அறுக்கும் காலத்தைப் பூத்துச் சொல்வதனால். அது அழகுதான். ஆனால் பொலிஸ்காரன் கையில் கணி போனால் சாதகம் பார்க்கிறான் என்றே சனம் நினைக்கும். சோதிடம்தான் வேண்டுமென்றால் தொல்காப்பியத்து விரிச்சி இருக்கிறதே. ஆநிரை கவரப் போகிறவர்கள் ஊர்ப்பாக்கத்தில் நின்று யாரோ தற்செயலாகப் பேசும் சொல்லைக் கேட்டு நன்மை தீமை அறிவார்கள். முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி நிற்பதைப் பார்க்க. அங்கே அவர்கள் கேட்பது, தாயைக் காணாமல் நடுங்கும் கன்றுக்கு ஓர் இடைப்பெண் சொல்லும் ஆறுதல். 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். அந்த ஒரு வரிக்காகவே

----

அனுப்புநர்: தம்பலகாமம்

மேலே உள்ளது பாதியில் போய்விட்டது. சொல்ல வந்தது: எதிர்வுகூறல்.

----

அனுப்புநர்: கோவை

ஐயா, முல்லைப்பாட்டுக்கு நன்றி. ஆனால் எங்கள் பக்கம் எதிர்வுகூறல் என்று எழுதினால் பாதிப்பேர் எதிர்ப்புக் கூறல் என்று படிப்பார்கள். முன்கணிப்பு செய்தித்தாளிலேயே வந்துவிட்டது, கணினித்துறையில் நாங்கள் தினமும் புழங்குகிறோம். தேடுபொறியில் மாணவர் தட்டினால் வேறு கட்டுரைகளும் கிடைக்க வேண்டாமா? காபனீரொட்சைட்டு மாதிரி இன்னொன்று வேண்டாம், ப்ளீஸ்.

----

அனுப்புநர்: தம்பலகாமம்

காபனீரொட்சைட்டுக்கு என்ன குறை? காபன், ஈர், ஒட்சைட்டு. எத்தனை அணு என்பது பெயரிலேயே இருக்கிறது. உங்கள் கார்பன் டை ஆக்சைடில் டை எங்கள் ஊர்ப் பெடியனுக்குக் கழுத்தில் கட்டுவது. நாங்கள் பல்கலைக்கழகப் படிவாயில் வரை இந்தச் சொற்களோடு போய் வந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் கிறீன் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் எழுதவும் படிப்பிக்கவும் செய்தார். இனி இதில் நான் பேசப் போவதில்லை.

----

அனுப்புநர்: கிண்ணியா

எல்லோரும் வால்பக்கத்தைப் பிடித்து இழுக்கிறீர்கள், தலையை யாரும் பார்க்கவில்லை. கொலை என்ற பாதி சரிதானா?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 293 ஆம் பிரிவு குற்றமான மனிதக்கொலை, 294 கொலை. முன்னது பெரிய வட்டம், பின்னது அதற்குள் சின்ன வட்டம். திடீர்ச் சண்டையில், கடுமையாகச் சினமூட்டப்பட்ட நிலையில் ஆள் செத்தால் அது முன்னதில் நின்றுவிடலாம். தமிழ்நாட்டில் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்று நீட்டி எழுதுவார்கள். உவர்மலை தங்கச்சி மொழிபெயர்க்கும் மூலத்தில் இருப்பது பெரிய வட்டம். அதைக் கொலை என்று போட்டால் மாணவர் சின்ன வட்டத்தை எண்ணுவார்.

இன்னொன்று. ஓர் ஆள் மண்வெட்டிப் பிடியால் அடிவாங்கி ஆஸ்பத்திரியில் படுக்கிறார். முறைப்பாட்டுப் புத்தகத்தில் அது கடுங்காயம். மூன்று கிழமை கழித்து ஆள் மவுத்தாகிறார். திடீர் மரண விசாரணை அதிகாரி வருகிறார், பதிவு கொலைக்கு மாறுகிறது. வழக்கு முடியும்போது வேறொரு பிரிவில் தீர்ப்பாகிறது. இதில் எந்தத் திகதி, எந்தத் தலைப்பு உங்கள் அட்டவணைக்குள் போகும்? நான் மனிதக்கொலை என்பதற்கு வாக்களிக்கிறேன்.

----

அனுப்புநர்: கோவை

மனிதக்கொலை என்றால், மாட்டுக்கொலை முன்கணிப்பு தனி அத்தியாயமா என்று மாணவர் கேட்பார்.

----

அனுப்புநர்: நிலாவெளி

நான் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் ஐயாவுக்கு. பின்கணிப்பு உண்டு, நாங்கள் தினமும் செய்வதே அதுதான். 2015 வரையான தரவை மட்டும் மாதிரிக்கு, அதாவது நடப்பதைக் கணக்காகச் சொல்லும் சூத்திரத்துக்கு, கொடுத்து, 2016 ஐச் சொல்லு பார்ப்போம் என்று கேட்டு, நடந்ததோடு ஒப்பிடுவோம். அதில் தேறாத மாதிரியை வருங்காலத்துக்கு அனுப்புவதில்லை. ஆகவே முன் தேவை.

கணியில் சோதிட வாடை என்றீர்கள். கூறலில் மட்டும் இல்லையா? குறி கூறல், ஆரூடம் கூறல். எனக்குக் கூறலில்தான் பயம் கூட. புள்ளிவிபரம் எதையும் கூறுவதில்லை. இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில் என்று ஒரு வீச்சைக் காட்டிவிட்டு நிற்கும். லண்டன் கணக்கு எந்த நாளில் நான்கு விழும் என்று ஒருபோதும் சொல்லாது. பெல்ஜியத்துக் கெற்றலே 1835 இலேயே எழுதினார்: கொலைகளின் தொகை ஆண்டுக்கு ஆண்டு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது, கொன்ற கருவிகளின் விகிதம்கூட மாறவில்லை என்று. அவருக்கும் தெரிந்தது தொகை மட்டும்தான்.

சின்ன ஊரில் அந்தத் தொகையும் கைகொடுக்காது. எங்களூர் அளவான ஓரிடத்தில் ஆண்டுச் சராசரி நான்கு என்று கற்பனை செய்யுங்கள். எந்தக் காரணமும் இல்லாமலேயே இருபது வருடத்தில் ஒரு வருடம் எட்டோ அதற்கு மேலோ நடக்கும். அந்த வருடத்துப் பொலிஸ் அதிகாரிக்கு இடமாற்றம், அடுத்த வருடம் வருகிறவருக்குப் பாராட்டு. இரண்டுமே புவசோன் செய்த வேலை.

அப்புறம் இரண்டாவது வகை மாதிரி, இதற்கும் சொல் வேண்டும் என்று நினைக்கிறேன். பூமி அதிர்ந்தால் அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அதிர்வுகள் வருமே, அந்தக் கணக்கை எடுத்து 2011 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வீடுடைப்புகளுக்குப் பொருத்தினார்கள், பின்பு சிகாகோவின் கொலைகளுக்கும். ஒரு சம்பவம் அருகில் அடுத்ததன் வாய்ப்பைக் கூட்டுகிறது, நாள் போகப்போக அந்தக் கூடுதல் தேய்கிறது. பழிவாங்கல் நடக்கும் இடங்களில் இது பொருந்துவது ஆச்சரியமில்லை.

மூன்றாவது வகை ஆள் பட்டியல், தங்கச்சி சொன்ன சிகாகோ. யார் யாரோடு சேர்ந்து கைதானார் என்ற வலையை வைத்துச் சுடப்படக்கூடியவர்களைப் பொலிஸ் வரிசைப்படுத்தியது. 2016 இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தபோது பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படுவது கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஆனால் துப்பாக்கிச்சூட்டுக்காகக் கைதாவது கூடியிருந்தது. 2019 முடிவில் அதைக் கைவிட்டார்கள். காப்பாற்றப் போட்ட பட்டியல் பிடிக்கப் போட்ட பட்டியலாயிற்று. இந்த மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் எந்தச் சொல்லும் பொய் சொல்லும்.

----

அனுப்புநர்: உவர்மலை

மிஸ், இதை முன்பே கேட்டிருந்தால் அத்தியாயத்தையே உங்களிடம் தந்திருப்பேன்.

அதிர்வு மாதிரிக்கு நான் எழுதியது தன்னைத்தானே தூண்டும் செயல்முறை. நீளம். ஐயா கோபமாக இல்லையென்றால் ஒரு யோசனை?

----

அனுப்புநர்: தம்பலகாமம்

கோபமில்லை. தன் + தூண்டல், தற்றூண்டல். பொன் + தாமரை பொற்றாமரை ஆனதுபோல. அடுத்து, செயல்முறை அல்ல, செயன்முறை. லகரம் மகரத்தின் முன் னகரமாகும். நன்னூல் படித்த பிள்ளைதானே நீர்.

----

அனுப்புநர்: கோவை

தற்றூண்டற் செயன்முறை. ஐயா, இதை வாய்விட்டு மூன்று தரம் சொல்லிவிட்டு வாருங்கள்.

----

அனுப்புநர்: கிண்ணியா

பின்னதிர்வு என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது? பின்னதிர்வு மாதிரி. முடிந்தது.

----

அனுப்புநர்: தம்பலகாமம்

நான் காட்டிய குறளிலேயே 'அதிர வருவதோர் நோய்' இருக்கிறது. ஏற்கிறேன்.

----

அனுப்புநர்: கடற்கரை

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பதிவுகளை வைத்து என்று தங்கச்சி முதல் மடலில் எழுதினார். யாருடைய பதிவு?

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலையில் இந்தக் கடற்கரையில் ஐந்து மாணவர்களைச் சுட்டார்கள். 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் பதின்மூன்று பேரும் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஆகஸ்டில் மூதூரில் உதவி நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். ஒரு மாணவர் இந்தக் கையேட்டைப் படித்துவிட்டு எங்கள் ஊருக்கு மாதிரி போட்டால் இந்த 22 எந்த நிரலில் ஏறும்? ஏற்றினால் 2006 மற்ற எல்லா ஆண்டையும் விழுங்கிவிடும், அடுத்த ஆண்டுகளுக்கு அர்த்தமில்லாத எண் வரும். அது விலகல் புள்ளி, நீக்கிவிடு என்று பாடம் சொல்லிக் கொடுக்கும். நீக்கினால் அது எந்த ஊர்த் தரவு?

சொல்லில் இதைத் தீர்க்கச் சொல்லவில்லை. ஆனால் கொலை என்று மொட்டையாக நிற்கக் கூடாது. பதிவான கொலை என்றாவது இருக்கட்டும்.

----

அனுப்புநர்: நிலாவெளி

அந்த 22 ஐ இந்த மாதிரிகள் எதுவும் தாங்காது. அண்ணன் சொல்வதுபோல் நீக்குவதும் பிழை. எந்த ஆண்டு ஏன் வெளியே நிற்கிறது என்று அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிட்டு, வைத்தும் வைக்காமலும் இரண்டு தடவை கணக்குப் பார்க்கச் சொல்லி மாணவர்களிடம் கேட்பேன். பதிவான என்ற அடைமொழிக்கு என் ஆதரவு.

----

அனுப்புநர்: கோவை

எனக்கும் சம்மதம். தலைப்பு நீளமானாலும் பரவாயில்லை.

----

அனுப்புநர்: கிண்ணியா

பதிவான என்று போட்டால் என் முறைப்பாட்டுப் புத்தகச் சிக்கலும் அடங்கிவிடும். பதிந்தவர் எந்தத் தலைப்பில் பதிந்தாரோ அதுதான். மனிதக்கொலையை விட்டுக்கொடுக்கிறேன், ஆனால் வரையறை அடிக்குறிப்பில் வரட்டும்.

----

அனுப்புநர்: உவர்மலை

அச்சகத்து அண்ணன் இரண்டு தரம் அழைத்துவிட்டார். போய் நின்றால் வாசலில் ஒரு புள்ளிமான், வெட்டிப்போட்ட கடதாசிக் கீலங்களை மென்றுகொண்டு. அதைத் துரத்திவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

கொடுத்துவிட்டு வந்தது இது. தலைப்பு: பதிவான கொலைகளின் முன்கணிப்பு. முதல் பக்கத்தில், இலங்கை வழக்கில் எதிர்வுகூறல் என்றும் சொல்வர் என ஒரு வரி. 293, 294 அடிக்குறிப்பில். இரண்டாவது வகை பின்னதிர்வு மாதிரி. ஆள் பட்டியலுக்கு முன்கணிப்பு என்ற சொல்லையே பாவிக்கவில்லை, இடர்ப் பட்டியல் என்று வைத்தேன். 2006 பற்றி மிஸ் சொன்ன பயிற்சிக் கேள்வி அத்தியாயக் கடைசியில் சேர்ந்துவிட்டது.

----

அனுப்புநர்: தம்பலகாமம்

இலங்கை வழக்கில் என்று ஏன் ஒதுக்குகிறீர்? கையேடு இலங்கையில்தானே அச்சாகிறது. தமிழக வழக்கில் முன்கணிப்பு என்றல்லவா குறிப்பு வந்திருக்க வேண்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்க. இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன். உள்ளே செயன்முறை என்றுதான் போட்டீரா?