புதுப்பிப்பு: 75 ஓம் ரெசிஸ்டர் குற்றவாளி அல்ல

3ஜி எஸ்டிஐ (கோஆக்சியல் கேபிளில் போகும் டிஜிட்டல் வீடியோ) அனுப்பும் பலகையில் ரிட்டர்ன் லாஸ் (சிக்னல் எவ்வளவு குறைவாகத் திருப்பி எதிரொலிக்கப்படுகிறது என்ற அளவு, அதிகமானால் நல்லது) 1.485 கிகாஹெர்ட்ஸில் 9 டெசிபல்தான் வருகிறது, 15 வேண்டும் என்று போன மாதம் புலம்பியிருந்தேன். கேபிளின் 75 ஓமுக்கு ஈடாக வைத்திருந்த 1 சதவீதத் துல்லிய ரெசிஸ்டரைக் கழற்றி 0.1 சதவீதம் போடச் சொன்னார்கள் சிலர். போட்டேன். வரைகோடு அசையவே இல்லை.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன் (முதலிலேயே செய்திருக்க வேண்டியது). 75 ஓமில் 1 சதவீதம் பிசகினால்கூட ரிட்டர்ன் லாஸ் 46 டெசிபல் கிடைக்கும். ஆனால் கிரவுண்டுக்கு வெறும் 1 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் ஒட்டிக்கொண்டால், அந்த அதிர்வெண்ணில் அது 107 ஓம். 75 ஓமுக்குப் பக்கவாட்டில் நின்று எல்லாவற்றையும் 9.6 டெசிபலுக்கு இழுத்துவிடும். திருடன் ரெசிஸ்டரின் பற்றவைப்புத் திட்டுகளுக்கு அடியில் இருந்த செம்புத் தளம்; இரண்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிட்டன!

புதிய பலகையில் அந்தத் திட்டுகளுக்குக் கீழே செம்பை வெட்டினேன், ரெசிஸ்டரை 0603 அளவிலிருந்து அதைவிடச் சிறிய 0402 ஆக்கினேன், அதை டிரைவரின் (சிக்னலை அனுப்பும் சிப்) காலுக்கு ஒட்டி வைத்தேன். இப்போது 17 டெசிபல்.

துல்லிய ரெசிஸ்டர் வீண் என்று சொல்லவில்லை. மின்னோட்டத்தைத் தள்ளும் டிரைவரில் சிக்னலின் வீச்சு அதைப் பொறுத்தது. 800 மில்லிவோல்ட்டிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அதற்கு 1 சதவீதமே தாராளம்.