பேராதனை விஞ்ஞான பீடம்: ஏ.எல். தமிழில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் எதைக் கவனிக்க வேண்டும்?

உப்புவெளி_அண்ணன்:
தங்கச்சிக்குப் பேராதனையில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கு. ஏ.எல். (உயர்தரம்) முழுக்கத் தமிழ், அங்கே விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலம். சிறப்புப் பட்டம் செய்ய விருப்பம். "முதல் வருஷம் பாஸ் பண்ணினால் காணும்" என்று சிலர் சொல்லுகினம். அது உண்மையா? ஜீபிஏ (பாடப் பெறுபேறுகளின் சராசரிப் புள்ளி) எப்படிப் பார்ப்பது? இங்கே திருகோணமலையில் உள்ள கோணேசபுரி வளாகம் என்றால் பக்கம், இது தூரம் என்று அம்மாவுக்குக் கவலை. ஒவ்வொரு வெள்ளியும் திருகோணமலைக்கு வந்து போகட்டும் என்கிறா. சரிவருமா?

கன்னியா7:
பாஸ் காணும் என்ற கதையைத் தங்கச்சி காதில் போட வேண்டாம், தம்பி. சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது அதுவரை எடுத்த பெறுபேறுதான் பேசும், முதல் வருடமும் அதில் சேர்த்தி.

கணக்கு இப்படி: ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0. ஒவ்வொன்றையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் (பாடத்தின் அளவைக் காட்டும் எண்) பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் பிரிக்க வேண்டும். இரசாயனம் 3 கிரெடிட் ஏ மைனஸ், பௌதிகம் 3 கிரெடிட் பி, கணிதம் 3 கிரெடிட் சி, செய்முறை 1 கிரெடிட் ஏ என்று வையுங்கள். 11.1 + 9 + 6 + 4 = 30.1. பத்தால் பிரித்தால் 3.01. அதே பிள்ளை கணிதத்தில் மட்டும் பி எடுத்திருந்தால் 3.31. இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்கு 3.00, மேற்பிரிவுக்கு 3.30, முதல் வகுப்புக்கு 3.70. ஒரே ஒரு பாடம் வகுப்பையே மாற்றிவிடுகிறது, பார்த்தீர்களா?

பிறகு ரிப்பீட் எழுதி ஏற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்கக் கூடாது. ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தான் உச்சம். பாஸ் வரும், ஜீபிஏ பெரிதாக ஏறாது.

ஆய்வுகூட_மேசை:
ஆங்கிலத்தைப் பற்றி. பாடச் சொற்கள் இரண்டு மாதத்தில் பழகிவிடும். மாட்டிவிடுவது வினாத்தாளில் வரும் ஏவல் சொற்கள். 'டெரைவ்' என்றால் எடுகோளிலிருந்து ஒவ்வொரு படியாக எழுதிச் சமன்பாட்டுக்கு வர வேண்டும், மனப்பாடமான சமன்பாட்டை மட்டும் எழுதினால் புள்ளி போய்விடும். 'ஸ்டேட்' என்றால் ஒரு வரி போதும், அதற்கு அரைப் பக்கம் எழுதினால் நேரம் போய்விடும். பாஸ்ட் பேப்பர் எடுத்து, விடை எழுத முன் இந்தச் சொற்களை மட்டும் கோடிட்டுப் பழகச் சொல்லுங்கள்.

செய்முறை அறிக்கையில் பலர் புள்ளி விடுவது முடிவு பிழைத்ததால் அல்ல. வாசிப்பை உதிரித் தாளில் எழுதிவிட்டு அறையில் போய்ப் பிரதி பண்ணுவார்கள். அலகு விடுபடும், வழுக் கணிப்பு விடுபடும். வாசிப்பு எடுக்கும்போதே அட்டவணையின் தலைப்பில் அலகைப் போட்டுவிட வேண்டும். முந்திய இரவே நோக்கத்தையும் படிமுறையையும் எழுதி வைத்தால் ஆய்வுகூட நேரம் வாசிப்புக்கு மிஞ்சும்.

மகாவலிக்கரை:
வெள்ளிக்கு வெள்ளி வந்து போவது சரிவராது. நேரத்தைக் கணக்குப் பார்த்தாலே தெரியும். ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, சொந்தப் படிப்பு, பரீட்சை ஆயத்தம் எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்றால் 750 மணித்தியாலம், 15 கிழமையால் பிரித்தால் கிழமைக்கு 50. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பஸ்ஸில் கண்டிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ரயில் இன்னும் சுற்று, பொல்கஹவெலவில் மாற வேண்டும். சனி ஞாயிறு முழுக்கப் பாதையில் கரையும். திங்கள் காலை விரிவுரைக்குப் பிந்தினால் வரவிலும் இடிக்கும்: 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்கள். பத்துச் செய்முறை உள்ள பாடத்தில் இரண்டுதான் தவறலாம்.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம் மாறியபோது, அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் திட்டமிட்டதே மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகத்தைத்தான். விடுதி, நூலகம், பீடம் எல்லாம் நடை தூரத்தில் இருப்பது அதற்காகத்தான். விடுதிப் படிவத்தைப் பதிவோடேயே கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு என்றால் வளாகத்துக்குள்ளேயே குறிஞ்சிக்குமரன் கோவில் இருக்கு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பகிடிவதை என்றால் பயந்து பேசாமல் இருக்க வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம். நாள், நேரம், இடம் எழுதி வைத்து மாணவ ஆலோசகரிடம் அல்லது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

உப்புவெளி_அண்ணன்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. இன்னும் ஒன்று. லீவில் வந்த இடத்தில் காய்ச்சல் வந்து பரீட்சை தவறினால்?

கன்னியா7:
அன்றைக்கே பீட அலுவலகத்துக்கு அறிவியுங்கள். இங்கே வைத்தியசாலையில் காட்டி, நோயின் பெயரும் ஓய்வு நாட்களும் தெளிவாக உள்ள மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) எடுங்கள். அதைக் கம்பஸ் சுகாதார நிலைய வைத்திய அதிகாரியிடம் உறுதிப்படுத்திய பிறகே பீடத்தில் கொடுக்க வேண்டும். காலக்கெடு மாணவர் கைநூலில் இருக்கும். பெரும்பாலும் பிள்ளைகள் சுகமாகித் திரும்பிப் போகும் வரை காகிதத்தைக் கையில் வைத்திருப்பதால்தான் நிராகரிக்கப்படுகிறது. ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கு, சி எல்லை அதற்கு இல்லை.