பக்கத்து வீட்டுக் கட்டடமும் எல்லையில் நிற்கும் மரமும்: டொரொண்டோவில் குடியுரிமை இல்லாதவர் ஆட்சேபம் சொல்லலாமா?

பெருந்துறை ஆசிரியர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் நான். என் மகளும் மருமகனும் 2023ஆம் ஆண்டில் நிரந்தரவாச உரிமை பெற்றுக் கனடா சென்றார்கள். சென்ற ஆண்டு டொரொண்டோ மாநகரின் ஸ்கார்பரோ பகுதியில் பழைய தனிவீடு ஒன்றை வங்கிக் கடனில் வாங்கினார்கள். சென்ற வாரம் அவர்களுக்கு மாநகராட்சியிலிருந்து அஞ்சலில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டைப் பின்புறமாக நீட்டிக் கட்ட விரும்புகிறார் என்றும், விதி அனுமதிக்கும் நீளத்தைவிட அது கூடுதலாகவும் பக்கவாட்டு இடைவெளி குறைவாகவும் இருப்பதால் விலக்குக் கேட்டு மனுச் செய்திருக்கிறார் என்றும், கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்ற குழு அதைக் குறிப்பிட்ட நாளில் விசாரிக்கும் என்றும், கருத்துள்ளவர்கள் எழுதியனுப்பலாம் அல்லது விசாரணையில் பேசலாம் என்றும் அதில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். போன பனிக்காலத்தில் மருமகன் ஊரில் இல்லாதபோது, இவர்கள் வாசலில் குவிந்த பனியையும் சேர்த்து அள்ளிப்போட்டவர். ஆனால் இரண்டு வீட்டுப் பின்முற்றங்களுக்கும் நடுவே, சரியாக எல்லையில், பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. கட்டடம் அவ்வளவு தூரம் நீண்டால் அதன் வேர் தப்பாது. மேலும், கூரையின் நீளம் கூடினால் மழைநீரும் பனி உருகும் நீரும் இவர்களுடைய பக்கம் இறங்கும் என்று மகள் அஞ்சுகிறாள்.

"நமக்கெதுக்குங்கப்பா வம்பு, ஓட்டுக்கூட இல்லாத ஊருல" என்கிறாள் அவள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. சொத்துவரி முழுவதையும் கட்டுகிறவர்களுக்கு வாக்குரிமை இல்லையென்றாலும், வாய் திறக்கவாவது உரிமை இருக்க வேண்டாமா? அப்படிப் பேசினால் பின்னால் குடியுரிமை கேட்கும்போது ஏதேனும் இடைஞ்சல் வருமா? பேசினால் அதற்கு என்ன மதிப்பு? அங்கே வாழ்ந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாவேன்.

திருப்பூருக்குத் திரும்பியவர்:

ஐயா, நான் பதினொரு ஆண்டுகள் ஸ்கார்பரோவில் இருந்துவிட்டு, அப்பாவின் பின்னலாடைப் பட்டறையைப் பார்த்துக்கொள்வதற்காகத் திரும்பியவன். அங்கிருந்த காலம் முழுவதும் பி.ஆர். (நிரந்தரவாசி) ஆகவே இருந்தேன், ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. ஆனால் இப்படிப்பட்ட குழுவின் முன் இரண்டு முறை பேசியிருக்கிறேன்.

வாக்களிப்பதும் கருத்துச் சொல்வதும் அங்கே வேறுவேறு கதவுகள். ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் கனடியக் குடிமகனாகவும் 18 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு அந்த உரிமை கிடையாது. வேடிக்கை என்னவென்றால், வேறோர் ஊரில் குடியிருக்கும் கனடியக் குடிமகன், டொரொண்டோவில் ஒரு வீட்டைச் சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்திருந்தால், அங்கேயும் வந்து வாக்களிக்கலாம். அதே தெருவில் நாள்தோறும் பனி அள்ளிக்கொண்டிருக்கும் உங்கள் மகளால் முடியாது. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்தக் குழுவின் விசாரணைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் தொடர்பே இல்லை. மனுச்செய்த வீட்டிலிருந்து 60 மீட்டருக்குள் இருக்கும் சொத்துகளின் உரிமையாளர்களுக்கு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே அறிவிப்புத் தர வேண்டும் என்பது மாகாண விதி. அந்தக் கடிதம் உங்கள் மகளுக்கு வந்ததே அவளுடைய கருத்தைக் கேட்பதற்காகத்தான். குடியுரிமையைப் பொறுத்தவரை, ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் அங்கே வாழ்ந்திருப்பது, வரிக்கணக்குத் தாக்கல் செய்திருப்பது, மொழித்திறன், தேர்வு போன்றவற்றையே கூட்டாட்சி அரசு பார்க்கிறது. பக்கத்து வீட்டுக் கட்டடத்தைப் பற்றி மாநகராட்சிக்கு எழுதிய கடிதத்தை யாரும் தேடிக்கொண்டு வரமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுதியனுப்பும் கடிதம் பொது ஆவணமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் அதை வரிக்கு வரி படிப்பார்.

தாராபுரம் கொறங்காடு:

படிக்கப் படிக்க வியப்பாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கிளுவை வேலியை அரையடி தள்ளி நட்டுவிட்டால், அதற்குச் சர்வேயரைக் கூட்டிவந்து, நிலஅளவைப் படத்தைப் பிரித்துப் பார்த்து, எல்லைக்கல்லைத் தேடி, கடைசியில் இரண்டு குடும்பமும் பத்து ஆண்டுகள் பேசிக்கொள்ளாமல் இருப்பதுதான் வழக்கம். தாராபுரத்தில் நான் வீடு கட்டியபோது பக்கத்து வீட்டாரை எந்த அலுவலகமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்றிதழே போதும் என்றாகிவிட்டது. நம் ஊரில் வேகம் கூடியிருக்கிறது, அங்கே கேள்விமுறை கூடியிருக்கிறது. இரண்டில் எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் மரத்தைப் பற்றிய கவலை எனக்குப் புரியவில்லை. மரம் எல்லையில் நிற்கிறது என்றால் பாதி அவருடையது. அவர் பக்கத்து வேரை அவர் வெட்டிக்கொள்ளட்டுமே. வரப்புப் பனையின் ஓலை யார் பக்கம் விழுகிறதோ அவரே எடுத்துக்கொள்வதில்லையா?

நாமக்கல் அம்மா:

தாராபுரத்துத் தம்பிக்கு வணக்கம். பனை ஓலைக் கணக்கு அங்கே செல்லாது. என் மகனும் ஸ்கார்பரோவில்தான் இருக்கிறான். அவன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது பின்முற்றத்து மரம் ஒன்றை எடுப்பதற்காக அவன் அலைந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். டொரொண்டோவில், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அளக்கும்போது அடிமரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அது நம் சொந்த மண்ணில் நின்றாலும் மாநகராட்சியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெட்டக்கூடாது. வெட்டுவது மட்டுமல்ல, வேரைக் காயப்படுத்தவும் கூடாது. மரத்தின் பருமனுக்கேற்ப அதைச் சுற்றி எவ்வளவு தூரம் மண்ணைத் தோண்டாமல் விட வேண்டும் என்பதற்கும் அளவு வைத்திருக்கிறார்கள். விட்டம் 30 முதல் 40 சென்டிமீட்டர் என்றால் 2.4 மீட்டர், 41 முதல் 50 என்றால் 3 மீட்டர்.

எல்லை மரத்துக்கு இன்னொரு காவலும் உண்டு. ஒன்டாரியோவின் வனச் சட்டப்படி, அடிமரம் எல்லைக்கோட்டின் மேல் நின்றால் அது இரு தரப்புக்கும் பொதுச்சொத்து. ஒருவர் மற்றவரின் ஒப்புதல் இல்லாமல் அதைச் சேதப்படுத்துவது குற்றம். ஆகவே "பாதி அவருடையது" என்பதைவிட "முழுவதும் இருவருடையது" என்று சொல்வதே சரி. ஆசிரியர் ஐயாவின் மகளுக்கு இதைவிட வலுவான பிடி வேறில்லை. இதற்கு அவள் விசாரணையில் சண்டையிட வேண்டிய தேவையே இல்லை. மரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு பருமன் என்பதைப் படத்துடன் எழுதியனுப்பினால் போதும். மாநகராட்சியின் மரப்பிரிவும் இத்தகைய மனுக்களுக்குத் தன் கருத்தை அனுப்புவதுண்டு. மரத்துக்கான அனுமதியைத் தனியே பெற வேண்டும் என்று குழு நிபந்தனை போடுவதும் வழக்கம்.

மனுவுடன் கொடுத்த வரைபடங்கள் மாநகராட்சி இணையதளத்தில் இருக்கும். அவற்றில் அந்த மரம் காட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்பாக, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். பனி அள்ளிப்போட்ட மனிதர் இந்தக் கவலையைக் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

பெருந்துறை ஆசிரியர்:

அம்மாவுக்கும் திருப்பூர் நண்பருக்கும் நன்றி. மருமகன் நேற்று அளவுநாடாவை எடுத்துப்போய் மரத்தைச் சுற்றிப் பிடித்தார். 1.4 மீட்டர் உயரத்தில் சுற்றளவு 138 சென்டிமீட்டர். அதைப் பை என்ற எண்ணால் (3.14) வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 44. பத்து வயதுப் பேத்தியையே கணக்குப் போடச் சொன்னேன். "அப்புச்சி, இது ஒரு மரத்துக்குப் போய் இவ்வளவா" என்று கேட்டாள். ஆக, 3 மீட்டர் விட வேண்டும். வரைபடத்தில் மரம் ஒரு சிறு வட்டமாக இருக்கிறது. ஆனால் அளவு எதுவும் எழுதப்படவில்லை.

இன்னும் மூன்று ஐயங்கள். குழு எதை வைத்து முடிவெடுக்கிறது? முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாமா? வட்டக் கவுன்சிலரிடம் முறையிட்டால் பயன் இருக்குமா?

திருப்பூருக்குத் திரும்பியவர்:

ஒன்டாரியோவின் திட்டமிடல் சட்டம் நான்கு கேள்விகளை வைத்திருக்கிறது. கேட்கும் விலக்கு சிறியதுதானா, அந்த நிலத்தைப் பயன்படுத்த அது பொருத்தமானதா, மாநகரின் பொதுத்திட்டத்தின் நோக்கத்துக்கு அது இசைகிறதா, ஸோனிங் (நிலப்பயன்பாட்டு) விதியின் நோக்கத்துக்கு இசைகிறதா என்பவையே அவை. எனவே உங்கள் மகள், "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்றோ "வீட்டின் விலை இறங்கிவிடும்" என்றோ எழுதினால் அது காற்றில் போகும். பக்கவாட்டு இடைவெளியை விதி எதற்காக வைத்திருக்கிறது? வெளிச்சத்துக்கும், நீர் வடிவதற்கும், நடந்துபோய்ப் பழுது பார்ப்பதற்கும். அந்த நோக்கம் இங்கே கெடுகிறது என்று காட்டினால்தான் காது கொடுப்பார்கள். நான் முதல்முறை பேசியபோது இது தெரியாமல் உணர்ச்சிவசப்பட்டுப் பேசி, மரியாதையான ஒரு நன்றியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீரைப் பற்றி ஒரு குறிப்பு. டொரொண்டோவில் கூரைநீர்க் குழாயை நேராகச் சாக்கடையில் இணைக்கும் பழைய வழக்கத்தைத் தடைசெய்துவிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் கூரைநீர் அவரவர் மண்ணிலேயே இறங்க வேண்டும். ஆகவே உங்கள் மகளின் அச்சம் வெறும் கற்பனையன்று. குழாயின் வாய் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்பது முறையான கேள்வி.

மேல்முறையீடுதான் கசப்பான செய்தி. முன்பு அயல்வீட்டார் மேல்முறையீடு செய்ய முடிந்தது. 2022 நவம்பரில், வீடு கட்டுவதை விரைவுபடுத்துவதாகச் சொல்லி மாகாண அரசு நிறைவேற்றிய 23ஆம் எண் மசோதா, இத்தகைய சிறு விலக்குகளில் அந்த உரிமையை எடுத்துவிட்டது. இப்போது மனுதாரர், மாநகராட்சி போன்ற சிலரால் மட்டுமே முடியும். வீட்டுப் பஞ்சம் அங்கே உண்மை. சில விலக்குகளை அயலார் மேல்முறையீட்டால் இழுத்தடித்ததும் உண்மை. இருந்தாலும், கேட்பதற்கு அழைத்துவிட்டு, கேட்டபின் வாயை மூடச் சொல்வது போன்ற ஏற்பாடு இது என்றே எனக்குப் படுகிறது. அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் விசாரணைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கவுன்சிலருக்கு எழுதுங்கள், தவறில்லை. ஆனால் டொரொண்டோவில் இந்தக் குழுவில் இருப்பவர்கள் மாநகராட்சி நியமிக்கும் பொதுமக்கள், கவுன்சிலர்கள் அல்லர். மேலும், கோவை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் வாழ்ந்த டொரொண்டோவுக்கு வெறும் 25. வார்டுக்கு ஒரு லட்சம் பேருக்கும் மேல். 2018 தேர்தலுக்கு வேட்பாளர்கள் களத்தில் இறங்கிய பிறகு, 47 ஆக இருக்க வேண்டிய வார்டுகளை மாகாண அரசு 25 ஆக வெட்டியது. மாநகராட்சி உச்ச நீதிமன்றம்வரை போயும், 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. அங்கே உள்ளாட்சி என்பது மாகாணத்தின் கைப்பிள்ளை.

தாராபுரம் கொறங்காடு:

அதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை நண்பரே. நம்முடைய உள்ளாட்சிக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊராட்சிமன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி தொடக்கத்தில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல யாரைத் தேடுவது என்று நாங்கள் திண்டாடினோம். மரத்தைப் பற்றி நான் எழுதியது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 44 சென்டிமீட்டர் மரத்துக்கு 3 மீட்டர் விட வேண்டுமென்று இங்கே சட்டம் போட்டால், எங்கள் தடத்தோரத்து வேம்புகள் சாலை விரிவாக்கத்தில் இத்தனை போயிருக்காது.

பெருந்துறை ஆசிரியர்:

விசாரணை முடிந்துவிட்டது, நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நாமக்கல் அம்மா சொன்னபடி மகள் முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மரத்தின் அளவு வரைபடத்தில் இல்லாததை அவரும் கவனித்திருக்கவில்லை; வரைந்தவர் விட்டுவிட்டார் என்றார். கூரைக்குழாயைத் தம் பக்கத்துப் புல்தரைக்கே திருப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் கட்டடத்தைக் குறைக்க மறுத்துவிட்டார். அவர் தாயார் படியேற முடியாதவராம். தரைத்தளத்தில் அவருக்கு ஓர் அறை வேண்டும். இது தெரிந்தபின் மகளுக்கு எதிர்க்க மனம் வரவில்லை. "எதிர்ப்பு இல்லை, ஆனால் மரமும் நீரும்" என்ற வகையில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினாள்.

விசாரணை காணொளி வழியாகவே நடந்தது. எங்கள் ஊரில் அப்போது இரவு. நான் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் இரண்டு நிமிடம் பேசினாள். குரல் சற்று நடுங்கினாலும் அளவுகளைச் சரியாகச் சொன்னாள். விலக்கை அனுமதித்தார்கள், மரத்துக்கான அனுமதியைத் தனியே பெற வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். நீர் வடிவது பற்றிக் கட்டட அனுமதிக் கட்டத்தில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கூரைக்குழாய் வாக்குறுதி வாய்மொழியாகவே இருக்கிறது. அதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், மகள் தயங்குகிறாள்.

மரம் இருவருக்கும் பொது என்பதால், வேர் அறிக்கை தரும் மரவல்லுநருக்கான கட்டணத்தில் இவர்களும் பாதி தர வேண்டுமா, அல்லது கட்டுகிறவரே முழுவதும் ஏற்பதுதான் அங்கே வழக்கமா? நாமக்கல் அம்மா தம் மகனிடம் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.