புதுப்பிப்பு: மாமாவோட ஸ்பெக்ட்ரம் கேசட் லோட் ஆயிட்டு

போன மாசம் கேட்டிருந்தேன்லா, தக்கலை மாமா எழுதி வெளிய விடாமலே போன ஸ்பெக்ட்ரம் 48கே (கேசட்ல இருந்து புரோகிராம் ஏத்துற எண்பதுகள் கம்ப்யூட்டர்) கேம், கேசட்ட போட்டா ‘ஆர் டேப் லோடிங் எரர்’ மட்டுந்தான் வருதுன்னு, அது கிடைச்சிட்டு மக்கா! எல்லாருக்கும் தேங்க்ஸ்.

மொதல்ல டேப் பிளேயர்ல டேப்ப படிக்கிற ஹெட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல தொடச்சேன், பஞ்சு காப்பிக்கலர்ல வந்துச்சு, ஆனா எரர் போவல. அசிமத் ஸ்குரூவ (ஹெட்டோட சாய்வ மாத்துற திருகு) திருப்பச் சொன்ன அண்ணன் யோசனைதான் வேலை செஞ்சுது. டேப் ஓட ஓட, கீச்சு சத்தம் கூர்மையாகுற வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமா திருப்புனேன், கால் சுத்து கூட வரல. ரெண்டு சேனலயும் சேக்காம இடது மட்டும் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா எடுத்து டீஇசட்எக்ஸ் (ஸ்பெக்ட்ரம் டேப்ப கம்ப்யூட்டர்ல சேமிக்கிற ஃபைல் வடிவம்) ஆக்குனேன், எல்லா பிளாக்கும் பேரிட்டி சரி, அதாவது பிழை சோதனைல தேறிட்டு.

எதிர்பாக்காதது, பி சைடுல இதே கேமோட பழைய வடிவம் ஒண்ணு கிடக்கு, மாமாவுக்கே ஞாபகம் இல்லையாம்.

ஸ்குரூவ தொடுறதுக்கு முன்ன மார்க்கர்ல கோடு போட்டு வைங்க, நான் போடல, இப்ப அம்மாவோட பாட்டு கேசட்டெல்லாம் மங்கலா கேக்குது.