வானத்துக்கு யாரு பட்டா குடுத்தது? கப்பல் போகலாம் பிளேன் போகக்கூடாதுன்னா என்ன கணக்கு?

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டையில ஓடிட்டே இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க. 2025 மே மாசம் எங்க அக்கா, மாமா, அவங்க ரெண்டு வயசு பையன் மூணு பேரும் மாங்கா சீசனுக்கு ஊருக்கு வந்துட்டு டெல்லி வழியா அமெரிக்கா திரும்புனாங்க, எப்பவும் ஒரே மூச்சுல போற பிளேன் இந்த தடவை பாகிஸ்தான் மேல போக விடலன்னு தெக்கால எறங்கி அரபிக்கடல் மேல சுத்தி, நடுவுல வியன்னாவுல நிறுத்தி எண்ணெய் போட்டுட்டு தான் கெளம்புச்சாம். யாரையும் கீழ எறங்க விடல. பையன் சீட்டுலயே அழுது அழுது வாந்தி எடுத்துட்டான், மாத்து துணி பூரா கீழ லக்கேஜ்ல, அக்கா தன்னோட துப்பட்டாவை சுத்தி விட்டு மடியில வச்சுட்டே போயிருக்கா. இதுல வெளிநாட்டு கம்பெனி பிளேனுக்கு அந்த தடை இல்லையாம்.

சாயந்தரம் தோப்புல தண்ணி கட்டிட்டு இருந்தப்ப இதை அப்பாகிட்ட சொன்னேன். மேல ஒரு பிளேன் போச்சு, அதை பாத்துட்டே "நிலத்துக்கு பட்டா இருக்கு, வரப்பு இருக்கு, வானத்துக்கு யாருடா பட்டா போட்டு குடுத்தது"ன்னு கேட்டார். எனக்கு பதில் தெரியல.

இன்னொரு சந்தேகமும் இருக்கு. கடல்ல எந்த நாட்டு கப்பலும் எந்த நாட்டுக்கு பக்கத்துலயும் போகலாம்னு சொல்றாங்க, ஆனா ராமேஸ்வரத்து மீனவங்க எல்லை தாண்டுனா புடிச்சுட்டு போறாங்க. அப்ப கடல் தெறந்திருக்கா, பூட்டி இருக்கா?

ஓசூர் டிஸ்பேட்ச்:

தம்பி, நான் பெங்களூருல விமான ரூட் போடுற வேலை தான் பாக்குறேன், 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் வானத்தை மூடுனதுல இருந்து எங்க ஆபீஸ்ல தூக்கம் கெட்டவங்க நிறைய பேர். அப்பா கேட்டதுக்கு நேரடி பதில் இருக்கு, 1944 டிசம்பர்ல சிகாகோவுல போட்ட ஒப்பந்தம் தான் அந்த பட்டா. அதோட முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேல இருக்குற வான்வெளியில முழுமையான, தனக்கு மட்டுமேயான அதிகாரம் உண்டுங்குறது தான். இதுக்கு முன்னாடி 1919-ல பாரிஸ்லயும் இதையே தான் எழுதுனாங்க. முதல் உலகப்போர்ல வானத்துல இருந்து குண்டு விழுறதை ஜனங்க பாத்துட்டாங்க, அதுக்கப்புறம் வானம் எல்லாருக்கும் பொதுன்னு பேசுறதுக்கு யாரும் தயாரா இல்ல.

அப்புறம் எப்படி தினமும் இத்தனை பிளேன் நாடு விட்டு நாடு போகுதுன்னா, அதே 1944-ல தனியா இன்னொரு ஒப்பந்தம் இருக்கு, பயணிகள் விமானம் மேல கடந்து போகலாம், எண்ணெய் போட மட்டும் எறங்கலாம்னு. இந்தியாவும் பாகிஸ்தானும் ரெண்டு பேருமே அதுல இருக்காங்க. ஆனா சண்டைன்னு வந்தா நிறுத்திடுறாங்க. 2019-ல நம்ம விமானப்படை பாலாகோட்டுல குண்டு போட்டதுக்கு அப்புறம் பிப்ரவரி கடைசியில பாகிஸ்தான் மூடுன வானம் ஜூலை பாதியில தான் முழுசா தெறந்துச்சு. 2025 ஏப்ரல் 24-ல இந்தியாவுல பதிவு பண்ண விமானத்துக்கும் இந்திய கம்பெனிங்களுக்கும் மட்டும் பாகிஸ்தான் மூடுச்சு, அதனால தான் வெளிநாட்டு பிளேனுக்கு தடை இல்ல. ஏப்ரல் 30-ல நாமளும் அவங்களுக்கு மூடிட்டோம்.

நம்ம பக்கத்து கதையையும் சொல்லணும்ல. 1971 ஜனவரி 30-ல ஸ்ரீநகர்ல இருந்து ஜம்முவுக்கு கெளம்புன நம்ம பிளேன் ஒன்னை கடத்திட்டு லாகூர் போய் அங்க எரிச்சாங்க. உடனே இந்தியா பாகிஸ்தான் விமானம் எதுவும் மேல பறக்கக்கூடாதுன்னு நிறுத்திடுச்சு. அப்ப மேற்கு பாகிஸ்தானும் கிழக்கு பாகிஸ்தானும் ஒரே நாடு, நடுவுல நாம. அவங்க கொழும்பு வழியா தெக்க சுத்தி டாக்கா போக வேண்டியதா போச்சு. அவங்க சர்வதேச விமான அமைப்போட கவுன்சில்ல புகார் குடுத்தாங்க, அதை விசாரிக்க உனக்கு அதிகாரமே இல்லன்னு நாம ஹேக் சர்வதேச நீதிமன்றம் போனோம், 1972-ல கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. 1976-ல தான் மறுபடி ஒருத்தர் மேல ஒருத்தர் பறக்க ஆரம்பிச்சோம்.

அக்கா பட்ட கஷ்டத்துக்கு காரணம் எண்ணெய் கணக்கு தான். தூரம் கூடுனா எண்ணெய் கூடும், அந்த எண்ணெயோட எடையை தூக்கவே தனியா எண்ணெய் வேணும், ஒரு அளவுக்கு மேல ஏத்துனா கெளம்பவே முடியாது. ஒன்னு ஆளை எறக்கணும், இல்ல நடுவுல நிறுத்தணும்.

கப்பல்காரன், பாலக்கோடு:

கடல் கேள்விக்கு நான் வரேன், பன்னெண்டு வருஷமா சரக்கு கப்பல்ல தான் பொழப்பு. கடல் பூட்டியும் இல்ல, முழுசா தெறந்தும் இல்ல, கரையில இருந்து போகப்போக அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமா இளகிட்டே போகும். 1982-ல போட்ட கடல் சட்ட ஒப்பந்தம், 1994-ல அமலுக்கு வந்துச்சு, இந்தியா 1995-ல சேந்துச்சு. நமக்குன்னு அதுக்கு முன்னாடியே 1976-ல ஒரு சட்டம் இருக்கு. கரையில இருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர், அது வரைக்கும் நாட்டோட சொந்த இடம் மாதிரி. 24 வரைக்கும் கஸ்டம்ஸ் மாதிரி விஷயத்துக்கு கேள்வி கேக்கலாம். 200 மைல் வரைக்கும் மீன், எண்ணெய், எரிவாயு மாதிரி வளம் தான் அந்த நாட்டுக்கு, தண்ணி மேல யாரும் போகலாம்.

சொந்த இடம்னு சொன்ன 12 மைலுக்குள்ளயும் அடுத்த நாட்டு கப்பல் கடந்து போக உரிமை இருக்கு, இது தான் தம்பி உங்க கேள்விக்கு ஆணிவேர். நம்ம ஊர்ல அடுத்தவங்க கொல்லை வழியா தடம் இருக்குல்ல, அது மாதிரி. நடந்து போகலாம், வண்டி ஓட்டலாம், ஆனா நின்னு மாடு மேய்க்கக்கூடாது, புளியங்கா உலுக்கக்கூடாது. கப்பலும் நிக்காம போகணும், மீன் புடிக்கக்கூடாது, வேவு பாக்கக்கூடாது. நீர்மூழ்கியா இருந்தா மேல வந்து கொடியை காட்டிட்டு தான் போகணும். ஆனா இந்த உரிமை கப்பலுக்கு மட்டும் தான். அதே 12 மைலுக்கு மேல இருக்குற வானம் நிலத்து மேல இருக்குற வானம் மாதிரியே பூட்டு. நான் கீழ சட்டப்படி போயிட்டு இருப்பேன், என் தலைக்கு நேர் மேல அனுமதி இல்லாம ஒரு பிளேன் வந்தா அது அத்துமீறல். ஹோர்முஸ், மலாக்கா மாதிரி குறுகலான நீரிணைங்கள்ல மட்டும் கப்பல், விமானம் ரெண்டுக்குமே கடந்து போற உரிமை இருக்கு.

இந்த கோடு எங்களுக்கு புஸ்தகத்துல படிக்கிற விஷயம் இல்ல. சமையல்காரர் தினமும் பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை ஓட்டுற மேல் அறைக்கு, போன் பண்ணி "சார், 12 தாண்டியாச்சா?"ன்னு கேப்பார், ஏன்னா அரைக்காத சாப்பாட்டு கழிவை 12 மைலுக்குள்ள கடல்ல கொட்டக்கூடாது. நான் ஸ்க்ரீன்ல கப்பல் அந்த கோட்டை தாண்டுறதை பாத்துட்டு நேரம், இடம் எழுதிட்டு தான் சரின்னு சொல்லுவேன். எழுதலன்னா அடுத்த துறைமுகத்துல இன்ஸ்பெக்டர் புத்தகத்தை பிரிச்சு கேப்பார்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:

ரெண்டு அண்ணனுக்கும் நன்றி, தடம் கணக்கு அப்பாவுக்கு டக்குனு புரிஞ்சிடுச்சு, எங்க தோப்புக்கும் பக்கத்து கொல்லை வழியா தான் தடம். அம்மா ஒரே ஒரு கேள்வி கேக்குறாங்க, தெரியாம பிளேன் உள்ள போயிட்டா சுட்டுடுவாங்களா?

ஓசூர் டிஸ்பேட்ச்:

அம்மாகிட்ட சொல்லுங்க, சுடக்கூடாதுன்னு எழுதியே இருக்கு. அதை எழுத வச்சதுக்கு பின்னாடி 269 உயிர் இருக்கு. 1983 செப்டம்பர் 1-ல தென்கொரிய பயணிகள் விமானம் ஒன்னு வழி தவறி சோவியத் வான்வெளிக்குள்ள போயிடுச்சு, போர் விமானம் அனுப்பி சுட்டு வீழ்த்துனாங்க, ஒருத்தர் கூட பொழைக்கல. அடுத்த வருஷமே சிகாகோ ஒப்பந்தத்துல புது பிரிவு சேத்தாங்க, பயணிகள் விமானத்து மேல ஆயுதம் பயன்படுத்தக்கூடாது, வழி மறிச்சாலும் உள்ள இருக்குறவங்க உயிருக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு. 1998-ல அமலுக்கு வந்துச்சு. வானம் என்னுதுன்னு சொல்றது ஒன்னு, அதுக்காக உயிரை எடுக்குறது வேற.

தனுஷ்கோடி மருமகன், பென்னாகரம்:

மீனவங்க கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, என் மாமியார் வீடு ராமேஸ்வரம் பக்கம், அதனால நான் சொல்றேன். அங்க 12 மைல் கணக்கே செல்லாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் தான், ரெண்டு நாட்டுக்கும் 12, 12 மைல் வச்சா 44 கிலோமீட்டர் வேணும், எடமே இல்ல. அதனால 1974-ல பேசி கோடு போட்டாங்க, கச்சத்தீவு அந்த பக்கம் போச்சு. நம்ம மீனவங்களும் பக்தர்களும் முன்ன மாதிரி கச்சத்தீவுக்கு போய் வரலாம்னு அதுல இருக்கு, ஆனா 1976-ல எழுதுன கடிதத்துல ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் மீன் புடிக்கக்கூடாதுன்னு சேத்துட்டாங்க. வலை உலர்த்தலாம், அந்தோணியார் திருவிழாவுக்கு போகலாம், மீன் மட்டும் புடிக்க முடியாது.

200 மைல் மண்டலத்துல அடுத்த நாட்டு மீனவன் மீன் புடிச்சா, ரெண்டு நாடும் தனியா ஒத்துக்கலன்னா, ஜெயில்ல போடக்கூடாது, ஜாமீன் வாங்கிட்டு படகையும் ஆளையும் சீக்கிரம் விடணும்னு அந்த 1982 ஒப்பந்தமே சொல்லுது. ஆனா பாக் நீரிணையில கோட்டுக்கு அந்த பக்கம் இருக்குறது அந்த மண்டலம் இல்ல, நேரா அவங்க சொந்த நீர், அதனால அந்த பாதுகாப்பு நம்மாளுக்கு கெடைக்காது. என் மச்சான் படகு அங்க போய் ரெண்டு வருஷம் ஆச்சு, திரும்பல. வீட்டுல இன்ஜின் ரசீது மட்டும் பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா இருக்கு. அதே சமயம் ஒன்னை மறைக்காம சொல்லணும், அந்த பக்கம் இருக்குறவங்களும் நம்ம தமிழ் மீனவங்க தான், நம்ம இழுவைமடி படகு போனா அவங்க வலை அறுந்து போகுது, அடிமண்ணோட மீன் குஞ்செல்லாம் வாரிட்டு வருது. இலங்கை 2017-ல இழுவைமடியையே தடை பண்ணிடுச்சு. ஆழ்கடலுக்கு போற படகுக்கு வழி பண்ணாம கோட்டை மட்டும் பேசுறது ரெண்டு கரைக்கும் சோறு போடாது.

அரூர் வக்கீல்:

அப்பா கேட்டதுல ஒரு பாதி பாக்கி இருக்கு. நாட்டுக்கு வானம் சரி, தோப்புக்காரருக்கு? நிலத்துக்காரனுக்கு ஆகாசம் வரைக்கும் சொந்தம்னு பழைய சட்டத்துல ஒரு வாக்கியம் உண்டு. 1946-ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல ஒரு கோழிப்பண்ணைக்காரர் வழக்கு வந்துச்சு. ராணுவ விமானம் அவர் பண்ணைக்கு மேல 83 அடி உயரத்துல எறங்கும், கோழிங்க பயந்து செவுத்துல மோதி மோதி செத்துச்சு, மொத்தம் சுமார் 150. ஆகாசம் வரைக்கும் சொந்தம்ங்குற கதை இந்த காலத்துக்கு ஆகாதுன்னு கோர்ட் சொல்லுச்சு, ஆனா நிலத்தை அனுபவிக்க முடியாத அளவுக்கு தாழ பறந்தா அது நிலத்தை எடுத்துக்கிட்ட மாதிரி, நஷ்டஈடு குடுக்கணும்னும் சொல்லுச்சு. பக்கத்துல நாமக்கல் வரைக்கும் பண்ணை இருக்குற நமக்கு அந்த வலி நல்லாவே புரியும்.

நம்ம நாட்டுல இப்ப ட்ரோன் தான் வீட்டுக்கு பக்கத்துல வந்த விஷயம். 2021 விதிப்படி பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் முன் அனுமதி வேண்டாம், ஆனா ஓசூர் பக்கம் விமான ஓடுதளம் இருக்குறதால பறக்க விடுறதுக்கு முன்னாடி அரசோட மேப்ல கலர் பாத்துக்கணும். மேல் பக்கம் எங்க முடியுதுன்னா, அதுக்கு உலகம் இன்னும் ஒத்துக்கிட்ட கோடு இல்ல. 100 கிலோமீட்டர்னு பொதுவா சொல்லுவாங்க. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்ல. 1976-ல நிலநடுக்கோட்டு நாடுங்க எட்டு சேந்து, எங்க தலைக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டர்ல சாட்டிலைட் நிக்குற இடம் எங்களுதுன்னு கேட்டாங்க, யாரும் ஏத்துக்கல.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:

வக்கீல் சார், அப்பாவுக்கு முழுசா படிச்சு காட்டுனேன். கோழிக்காரருக்கு கடைசியில காசு வந்துச்சான்னு கேக்குறார்.

அரூர் வக்கீல்:

வந்துச்சுங்க. கீழ் கோர்ட்டுக்கு திருப்பி அனுப்பி, மேல பறக்குற உரிமைக்கு தனியா, செத்த கோழிக்கு தனியா கணக்கு போட்டு குடுத்தாங்க. ஆனா பண்ணையை அதுக்கு முன்னாடியே மூடிட்டார்.