இல்லாத ஆப்ஜெக்ட்டைக் காலி என்று படிக்கும் மாற்றம்: ரிவ்யூவில் என்ன சொல்வது?

கேள்வி

வணக்கம். ஒரு கிட் ரெப்போவின் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் களஞ்சியத்தின்) முழு வரலாற்றையும் படித்து, எந்த ஃபைல் எந்தக் கமிட்டில், அதாவது எந்தப் பதிவில், எவ்வளவு பெருத்தது என்று கணக்கெடுக்கும் கருவி ஒன்றை நாங்கள் சிலர் பராமரிக்கிறோம். பேக்கப் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கவும் பலர் அதையே ஓட்டுகிறார்கள்.

இப்போது ஒரு புல் ரிக்வெஸ்ட் (ஒரு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) என் ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. மாற்றம் சின்னதுதான். கிட் தன் தரவைச் சேமிக்கும் அலகுக்கு ஆப்ஜெக்ட் என்று பெயர். அதைப் படிக்கும் ஃபங்ஷன், அது கிடைக்காவிட்டால் இதுவரை எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிந்தது. இனி அந்த எக்ஸெப்ஷனைப் பிடித்துக்கொண்டு காலி பைட்டுகளைத் திருப்பித் தரும். அனுப்பியவர் சொல்லும் காரணம் நியாயமானது: அவருடைய ரெப்போவில் கருவி பாதியிலேயே நின்றுவிடுகிறது, ரிப்போர்ட்டே வருவதில்லை.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காலி ஃபைலும் கிட்டில் ஒரு நிஜமான ஆப்ஜெக்ட். ஷா-1 முறையில் ஐடி கணக்கிடும் ரெப்போக்களில் அதன் ஐடி எப்போதும் இ69டிஇ29 என்றுதான் தொடங்கும். இருக்கிற காலி ஃபைலும் தொலைந்துபோன ஃபைலும் ரிப்போர்ட்டில் ஒரே மாதிரி பூஜ்யம் என்று வந்தால், பேக்கப்பை நம்பி இருப்பவருக்கு அது பொய்த் தகவல். வெறுமனே "வேண்டாம்" என்று மூடவும் விருப்பமில்லை, அவருடைய சிக்கல் உண்மையானது. எப்படி எழுதி அனுப்பலாம்?

பதில் 1

ரிப்போர்ட் கருவிதானே, நடுவில் நிற்பதை விட ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டுத் தொடர்வது நல்லது என்றே நினைக்கிறேன். "விடுபட்டவை இத்தனை" என்று கடைசியில் ஒரு வரி போதாதா?

பதில் 2

எண்ணிக்கை போதாது. எந்த வகை ஆப்ஜெக்ட் விடுபட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு பிளாப் (ஃபைலின் உள்ளடக்கம்) இல்லையென்றால் ஒரு ஃபைலின் ஒரு வடிவம் போயிற்று. ஒரு ட்ரீ (ஃபோல்டரின் பட்டியல்) இல்லையென்றால் அந்த ஃபோல்டருக்குக் கீழே என்ன இருந்தது என்பதே தெரியாது. கமிட் இல்லையென்றால் அதற்கு முந்தைய வரலாற்றுக்குப் போக, வேறு கிளை வழி இல்லாதவரை, பாதையே கிடையாது. மூன்றையும் "விடுபட்டது 1" என்றுதான் அந்த வரி சொல்லும்.

அப்புறம், ஏன் இல்லை என்று கேட்காமல் இந்த மாற்றத்தை ஏற்காதீர்கள். பார்ஷியல் குளோனில், அதாவது சிலவற்றை விட்டு ஃபில்டர் போட்டு எடுத்த நகலில், பிளாப் இல்லாமல் இருப்பது இயல்பு. கேட்கும்போது தருவதாகச் சொன்ன ரிமோட் (வேறிடத்தில் உள்ள மூல ரெப்போ) ஒன்று இருக்கிறது, அதைத்தான் பிராமிசர் என்கிறோம். ஷாலோ குளோனில் வரலாறு வேண்டுமென்றே ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கும். ஆல்டர்நேட்ஸ் வழியாக இன்னொரு ரெப்போவிடம் கடன் வாங்கிய ஆப்ஜெக்ட்டுகள், அங்கே ஜிசி (தேவையற்றவற்றை நீக்கும் துப்புரவு) ஓடியபின் காணாமல் போவதும் உண்டு. அது நிஜமான இழப்பு.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கருவி சப்மாடியூலை (ஒரு ரெப்போவுக்குள் இணைத்த இன்னொரு ரெப்போவை) எப்படிக் கையாள்கிறது? ட்ரீயில் 160000 என்ற மோடுடன் வரும் பதிவு, வேறொரு ரெப்போவின் கமிட்டைக் காட்டுகிறது. அது இந்த ரெப்போவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைத் தேடிப் போனாலே தவறு.

கண்டுபிடிக்க வழி: ஆப்ஜெக்ட்டுகளைப் பட்டியலிடும் கிட் கட்டளையான ரெவ்-லிஸ்ட்டை --ஆப்ஜெக்ட்ஸ் --ஆல் --மிஸ்ஸிங்=பிரிண்ட் என்று ஓட்டச் சொல்லுங்கள். இல்லாதவை கேள்விக்குறியுடன் வரும், அது ரிமோட்டிலிருந்து எதையும் இறக்காது. ஓர் ஆப்ஜெக்ட்டைப் படிக்கும் கேட்-ஃபைல் கட்டளையை வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தால், பார்ஷியல் குளோனில் அந்தச் சோதனையே ஆப்ஜெக்ட்டை இறக்கிக்கொண்டு வந்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. அவரிடம் கேட்டு ஓட்டிப் பார்த்தோம். ரெவ்-லிஸ்ட்டில் கேள்விக்குறியுடன் ஒரு வரிகூட இல்லை. கருவி நின்ற இடங்களை எடுத்துப் பார்த்தால் அத்தனையும் 160000! அவருடைய ரெப்போவில் எதுவுமே தொலையவில்லை. நாம் தேடக் கூடாததைத் தேடியிருக்கிறோம். அந்த மாற்றத்தை அப்படியே சேர்த்திருந்தால், இந்தக் குறை காலி பைட்டுகளுக்கு அடியில் காலத்துக்கும் மறைந்திருக்கும்.

ரிவ்யூவில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சப்மாடியூல் பதிவைப் படிக்காமல் தாண்டும் மாற்றத்தைத் தனிக் கமிட்டாக அனுப்புங்கள், உடனே சேர்த்துவிடலாம். இல்லாத ஆப்ஜெக்ட்டைக் கையாள்வது வேறு வேலை. படிக்கும் ஃபங்ஷன் ‘இருக்கிறது’, ‘ரிமோட்டில் கிடைக்கும்’, ‘தொலைந்தது’ என்று மூன்றில் ஒன்றைச் சொல்லட்டும். நிற்பதா தொடர்வதா என்பதை அழைக்கும் இடம் முடிவு செய்யட்டும்."

பதில் 3

நல்ல ரிவ்யூ. இரண்டாவது வேலைக்கு டெஸ்ட் இல்லாமல் விடாதீர்கள். தொலைந்ததைச் சோதிப்பது சுலபம்: புது ரெப்போவில் ஒரு கமிட் போட்டு, ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டருக்குள் அந்த பிளாப்பின் ஃபைலை அழித்தால் போதும். ஐடியின் முதல் 2 எழுத்து ஃபோல்டர் பெயர், மீதி 38 ஃபைல் பெயர்.

பார்ஷியல் குளோனுக்குத்தான் கவனம் வேண்டும். லோக்கல் பாதையை நேராகக் கொடுத்துக் குளோன் செய்தால் கிட் ஃபில்டரைக் கண்டுகொள்ளாது, எல்லா ஆப்ஜெக்ட்டும் வந்துவிடும், டெஸ்ட் எதையும் சோதிக்காமலே பாஸ் ஆகும். ஃபைல்:// என்று தொடங்கும் முகவரியாகக் கொடுங்கள். மூல ரெப்போவில் அப்லோட்பேக்.அலவ்ஃபில்டரை ட்ரூ ஆக்குங்கள். --நோ-செக்அவுட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் செக்அவுட் (ஃபைல்களை வேலை ஃபோல்டரில் எடுத்து வைப்பது) நடக்கும்போதே பிளாப்கள் இறங்கிவிடும்.

பதில் 1

160000 விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, எச்சரிக்கை போதும் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு கேள்வி மட்டும்: ‘தொலைந்தது’ வந்தும் ரிப்போர்ட்டைக் கடைசிவரை தயாரித்தால், எக்ஸிட் கோட் (கருவி முடியும்போது வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண், பூஜ்யம் என்றால் வெற்றி) என்ன?

கேட்டவர்

பூஜ்யமாக இருக்கக் கூடாது. ரிப்போர்ட் முழுசாக வரட்டும், தொலைந்தவற்றின் ஐடியும் வகையும் அதில் இருக்கட்டும், ஆனால் கருவி தோல்வி என்றே சொல்லி முடியட்டும். பேக்கப் சோதிப்பவர்களின் ஸ்கிரிப்ட் பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான். இதையும் ரிவ்யூவில் சேர்த்துவிட்டேன்.